மாசிப் பனி எங்கிருந்து வருகிறது?

‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மாசி மாதத்தில் காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியில், சில நாள் விடியற்காலையில் விஜயராகவப் பெருமாள் கோயில் கோபுரமே தெரியாதபடி மூடுபனி சூழ்ந்திருக்கும். வெயில் ஏறியதும் அது இருந்த இடம் தெரியாது. நண்பகலில் தரை சுடும்.

இங்குள்ள நெசவாளருக்கு இது வேடிக்கையல்ல. பட்டுப் பாவைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துவது காலை வேளையில்தான். மூடுபனியில் பாவு எளிதில் காயாது. பட்டு ஈரத்தை உறிஞ்சும் பொருளும்கூட. காற்றின் ஒப்பு ஈரப்பதன் 65 விழுக்காடாக இருக்கும்போது, 100 கிராம் உலர்ந்த பட்டு சுமார் 11 கிராம் ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். ஈரப்பதன் கூடினால் எடையும் கூடும். அருகே செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுபவருக்கோ மூடுபனி உயிர்ப் பிரச்சினை. அது எப்படி உண்டாகிறது என்று பார்ப்போமா?

காற்றின் கொள்ளளவு

30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கனமீட்டர் இடத்தில் அதிக அளவாக 30 கிராம் நீராவி இருக்கலாம். 20 டிகிரியில் 17 கிராம்தான் இருக்க முடியும். பகலில் 30 டிகிரியில் 17 கிராம் நீராவி இருப்பதாகக் கொள்வோம். ஒப்பு ஈரப்பதன் சுமார் 57 விழுக்காடு. கொடியில் போட்ட துணி காயும். இரவில் அதே காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஈரப்பதன் 100 விழுக்காடாகிவிடும். இந்த வெப்பநிலையே பனிநிலை. அதற்கும் கீழே குளிர்ந்தால், மிஞ்சிய நீராவி நீராகியே தீர வேண்டும்.

புல்லும் ஓடும் தகரமும் இரவில் காற்றைவிட விரைவாக வெப்பத்தை இழக்கின்றன. அவற்றின் மேல் நீராவி படிந்தால் அது பனித்துளி. தரையை ஒட்டிய காற்றே பனிநிலைக்குக் கீழே குளிர்ந்தால், மிதக்கும் தூசி, புகை, உப்புத்துகள் ஆகியவற்றைப் பற்றிக்கொண்டு நுண்துளிகள் தோன்றும். ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பொருளும் தெரியாமற்போனால் அது மூடுபனி.

மாசியில் ஏன்?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். மேகம் ஒரு போர்வை போன்றது; அது இல்லாத இரவில் தரையின் வெப்பம் விண்வெளிக்குத் தடையின்றிக் கதிர்வீசிப் போய்விடும். ஆனால் ஈரத்துக்குக் குறைவில்லை. கிழக்கே சுமார் 70 கிலோமீட்டரில் வங்கக் கடல்; சுற்றிலும் மழைநீர் தேங்கிய ஏரிகள், வயல்கள். காற்றும் அடங்கியிருந்தால் மூடுபனிக்கு எல்லாம் ஆயத்தம்.

பகலின் கதை வேறு. மார்கழித் தொடக்கத்தில் இங்கு நண்பகல் சூரியன் ஏறக்குறைய 54 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். மாசி நடுவில் அது 69 டிகிரியை எட்டிவிடும். ஆகவே விடியலில் பனி, நடுப்பகலில் வெயில்.

மேகமும் வெண்பனியும்

மூடுபனி என்பது தரையில் இறங்கிய மேகமே. மேலே எழும் காற்று விரிவடைவதால், மேகம் உண்டாகும்வரை, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம் குளிர்கிறது. பனிநிலையை எட்டிய உயரத்தில் மேகம் தோன்றுகிறது.

நம் ஊர்களுக்கு மேலே சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை 0 டிகிரிதான்! இடிமேகங்களோ 12 கிலோமீட்டருக்கும் மேலே வளர்கின்றன. அங்கே நீராவி நேராகவே பனிக்கட்டிப் படிகமாகிறது. நீர் மூலக்கூறுகள் அறுகோண அமைப்பில் இணைவதால் அப்படிகங்களும் ஆறு பக்கம் கொண்டவை. 1936ஆம் ஆண்டில் ஜப்பானிய இயற்பியலறிஞர் நாகாயா இவற்றை ஆய்வுக்கூடத்திலேயே வளர்த்துக் காட்டினார். காஷ்மீரில் குளிர்காலத்தில் இவை உருகாமல் தரை சேர்வதால் வெண்பனி. திருப்புட்குழியில் வழியிலேயே உருகிவிடுவதால் மழை. உதகையில் குளிர்காலப் புல்வெளியை வெளுக்கச் செய்வது வானிலிருந்து விழுவதல்ல. 0 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த புல்லின் மேல் படியும் உறைபனி.

செய்து பாருங்கள்

மாலையில் பளபளப்பான எவர்சில்வர் தம்ளரில் பாதி நீர் ஊற்றி, வெப்பமானியை வையுங்கள். பனிக்கட்டித் துண்டுகளைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். மூச்சுக்காற்று படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தம்ளரின் வெளிப்புறம் மங்கும்போது வெப்பநிலையைக் குறியுங்கள். பனிக்கட்டியை எடுத்துவிட்டு, மங்கல் மறையும்போதும் குறியுங்கள். இரண்டின் சராசரியே அன்றைய பனிநிலை.

முந்தைய சில இரவுகளின் மிகக் குறைந்த வெப்பநிலை அதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்து, வானம் தெளிந்து காற்றும் அடங்கியிருந்தால், மறுநாள் பனியை எதிர்பார்க்கலாம். ‘நாளைக்குச் சற்றுப் பொறுத்துப் பாவு கட்டுங்கள்’ என்று பக்கத்து வீட்டு நெசவாளரிடம் சொல்லிப் பாருங்கள். உங்கள் கணிப்பு எத்தனை நாள் பலித்தது என்பதை மாசி முழுவதும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள்.