பிளாஸ்டிக் பையிலிருந்து ஃபைலுக்கு

மேருவில் கடையோரம் உட்கார்ந்து தே தாரிக் சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். தங்கச்சி ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் கவிழ்த்தாள். "எல்லாம் இதுல இருக்குண்ணே." இருந்ததுதான். ஐசி நகலுக்கு அடியில் கரண்டு பில், அதற்கு அடியில் மகளின் தடுப்பூசிப் புத்தகம். ஷா ஆலாம் உயர்நீதிமன்றத்தில் மணவிலக்கு மனு போடப் போகிறாள்.

முதலில் நான் தேடியது திருமணப் பதிவுப் பத்திரம். கோயிலில் தாலி ஏறியதற்கு ஆல்பம் இருக்கும். கோர்ட்டு கேட்பது பதிவை. முஸ்லிம் அல்லாதோருக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 அன்று நடப்புக்கு வந்தது. அதற்கு முன் நம் வழக்கப்படி நடந்த கல்யாணங்களைச் சட்டமே பதிவானதாக எடுத்துக்கொண்டது. பிறகு நடந்தவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. நல்லவேளை, இவளிடம் பத்திரம் இருந்தது.

இருவரும் ஒத்துப்போனால் கூட்டு மனு, வேலை சுலபம். புருஷன் மறுக்கிறார் என்றால் முதலில் பதிவு இலாகாவின் டிரிபியூனலுக்குப் போக வேண்டும். அங்கே லோயர் வந்து பேச முடியாது. ஆறு மாதத்துக்குள் சமரசம் ஆகாவிட்டால் சான்றிதழ் தருவார்கள். அதை மனுவோடு இணைக்க வேண்டும். ஆள் எங்கே என்றே தெரியாவிட்டாலோ, வேண்டுமென்றே வர மறுத்தாலோ, இந்தப் படியிலிருந்து விலக்கு உண்டு.

"அவர் பண்ணுன கொடுமையெல்லாம் எழுதி வச்சிருக்கேன்" என்று நாலு பக்கம் நீட்டினாள். படித்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனால் ஒரு தேதிகூட இல்லை. அஃபிடவிட்டுக்குத் தேதி வேண்டும். விட்டுப் போனதாகச் சொன்னால் தொடர்ந்து 2 ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். எந்த மாதம் போனார், எந்த மாதம் பணம் நின்றது? அழுகையைக் குறைக்கச் சொல்லவில்லை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதியை எழுது என்றேன். போலீஸ் ரிப்போர்ட், கிளினிக் சீட்டு, வங்கிக் கணக்கு எல்லாம் அதே வரிசையில். வாட்சாப்பைப் பிரிண்ட் எடுத்தால் நாளும் எண்ணும் தெரிய வேண்டும். போனில் இருப்பதை அழித்துவிடாதே.

ஜீவனாம்சத்துக்கு முக்கியம் இரண்டு பேரின் வசதியும் தேவையும். ஸ்கூல் பஸ், டியூஷன், மருந்து என்று மூன்று மாதச் செலவை ரசீதோடு எழுதினால் போதும். கூட்டி எழுதாதே. ஒரு தொகை பொய் என்று தெரிந்தால் மற்ற ஒன்பதையும் சந்தேகிப்பார்கள்.

பிள்ளை விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 7 வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்று சட்டம் அனுமானிக்கிறது, ஆனால் அதை எதிர்த்து வாதாடலாம். விவரம் தெரிந்த பிள்ளையென்றால் அதன் விருப்பத்தையும் கணக்கில் எடுப்பார்கள். "அப்பா கெட்டவர்னு சொல்லு" என்று மகளுக்குப் பாடம் நடத்தாதே. ஒப்பிக்கும் பிள்ளையை நீதிபதி பார்க்காதவரா?

மலாய் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று லோயரிடம் முன்பே சொல்லிவிடு. வெட்கப்பட்டுப் பாதி மலாயில் பதில் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. கேட்டதற்கு மட்டும் பதில். சிலிப்பர் வேண்டாம். முழு நாள் லீவு எடு, தள்ளிப்போடுவதும் நடக்கும். துணைக்கு யாரையாவது கூட்டிப் போ. சித்தப்பாவை மட்டும் வேண்டாம், வாசலிலேயே சண்டை பிடிப்பார்.

அவள் சிரித்துக்கொண்டே காகிதங்களை அடுக்கினாள். கரண்டு பில்லைத் தனியே ஒதுக்கினாள். "இது தேவையில்லைதானே?"

"யார் கட்டுனது?"

"எட்டு வருஷமா நான்தான்."

"அப்படின்னா அதையும் வை. சொத்துப் பிரிக்கும்போது யார் என்ன போட்டாங்கன்னு கேப்பாங்க."