திறந்த தரமும் மூடிய பெட்டியும்

லினக்ஸை நிறுவியதும் கணினியில் எல்லாம் இயங்கும், வை-ஃபை மட்டும் இயங்காது. எம்மவரில் பலர் இதைத் தமது அறியாமை என்றெண்ணி விண்டோஸுக்கே திரும்பிவிடுகின்றனர். என் பார்வையில் இது முதலில் உரிமை பற்றிய பிரச்சினை.

நான் வாழும் பிஸ்கட்டவேயில், ஹோஸ் லேன் 445ஆம் இலக்கத்தில் ஐ.ஈ.ஈ.ஈ. அமைப்பின் செயற்பாட்டு மையம் இருக்கிறது. வை-ஃபைக்கு அடிப்படையான 802.11 தரத்தை 1997இல் வெளியிட்டது இவ்வமைப்பே. அத்தரத்தை எவரும் பெற்றுப் படிக்கலாம். ஆனால் அது இலக்கண நூல் மட்டுமே. பேசவேண்டியது வை-ஃபை சிப். அதற்கு இரண்டு மென்பொருட்கள் வேண்டும். டிரைவர் லினக்ஸ் கெர்னலில் இருந்து சிப்புக்கு ஆணையிடுகிறது. ஃபேம்வெயர் சிப்பினுள்ளேயே ஓடுகிறது. பல சிப்களில் இது நிரந்தரமாகப் பதியப்பட்டிருப்பதில்லை. கணினி தொடங்கும்போதெல்லாம் டிரைவர் அதை ஏற்றவேண்டும். அதன் மூலநிரலோ பெரும்பாலும் உற்பத்தியாளர் கையில்.

புரோட்கொம் நிறுவனத்தின் பழைய சிப்கள் இதற்கு உதாரணம். தன்னார்வலரில் ஒரு குழு அவற்றின் இயக்கத்தை ஆராய்ந்து குறிப்பெழுத, மறுகுழு அக்குறிப்பைக்கொண்டே டிரைவர் எழுதியது. 2006இல் அது கெர்னலில் சேர்ந்தது. ஃபேம்வெயரை விநியோகிக்க உரிமை இல்லாததால், நிறுவனத்தின் டிரைவர் கோப்பை ஒவ்வொருவரும் இறக்கி, அதிலிருந்து ஃபேம்வெயரை வெட்டியெடுக்க நேர்ந்தது. அதற்கென்றே ‘பி43-எஃப்டபிள்யூகட்டர்’ என்ற கருவி உண்டு.

செய்யவேண்டியது இதுதான். ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையால் சிப்பின் பெயரை அறியுங்கள். ‘டிமெசெக்’ கட்டளை எந்த ஃபேம்வெயர் கோப்பு கிடைக்கவில்லை என்று பொதுவாகக் காட்டும். அது உள்ள பொதியை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கோ அப்பொதி வேண்டும்! ஈதர்நெட் வயரோ, யூ.எஸ்.பி. வயரால் இணைத்த கைத்தொலைபேசியோ இச்சிக்கலைத் தீர்க்கும். நிறுவிய பின் கணினியை மீளத் தொடக்குங்கள்.

டெபியன் சமூகம் 2022இல் வாக்கெடுத்து, மூடிய ஃபேம்வெயரையும் தனது நிறுவல் வட்டில் சேர்க்க முடிவுசெய்தது. 2023 யூனில் வெளிவந்த 12ஆம் பதிப்பில் அது நடைமுறைக்கு வந்தது. இதைக் கொள்கைச் சமரசம் எனலாம். ஆனால் புதிதாக வருபவரை வாசலிலேயே மறிக்கும் தூய்மையால் யாருக்கு நன்மை? டெபியன் அதைச் ‘சுதந்திரமற்ற ஃபேம்வெயர்’ என்ற தனிப்பிரிவில் வைத்திருப்பதே முக்கியம். தேவைக்குப் பாவிப்போம், மூடியதை மூடியது என்றே சொல்வோம். மாற்றுக் கருத்துள்ளோர் எழுதவேண்டும்.