முகச்சுருக்கம் போக்கும் ஊசி, மடங்கிய கைக்கும் உதவுமா?

2009 இல் தலையில் பாய்ந்த ஷெல் துண்டால் என் அண்ணாவின் மூளை பாதிக்கப்பட்டது. அன்றிலிருந்து அவருடைய இடது கை இறுகி மடங்கியே இருக்கிறது. உள்ளங்கையைக் கழுவுவதற்குக்கூட இன்னொருவர் விரல்களை விரித்துப் பிடிக்க வேண்டும். "பொடொக்ஸ் ஊசி போட்டுப் பார்க்கலாம்" என்று நரம்பியல் வைத்தியர் சொன்னபோது அம்மா திகைத்துப்போனார். "அது நடிகைமார் முகத்துக்குப் போடுறதெல்லோ?" எனக்கும் அதே எண்ணம்தான். பிறகு கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றை இங்கே பகிர்கிறேன்.

பொடொக்ஸ் என்பது வணிகப் பெயர். அதில் இருப்பது ஒருவகைப் பக்றீரியா உருவாக்கும் பொட்டுலினம் என்ற கொடிய நஞ்சு. பழுதடைந்த உணவு வழியாக உடலில் சேர்ந்தால் உயிரையே பறிக்கும். ஆனால் மிக நுண்ணிய அளவில் தசைக்குள் ஏற்றினால், 'சுருங்கு' என்று நரம்பு அனுப்பும் செய்தியைத் தடுத்துத் தசையைத் தளர்த்துகிறது. பலன் சில நாட்களில் தொடங்கி மூன்று, நான்கு மாதங்கள் நீடிக்கும்.

இது அழகுக்காகப் பிறந்த மருந்தல்ல. சான் பிரான்சிஸ்கோ கண் வைத்தியர் அலன் ஸ்கொட் மாறுகண்ணைச் சீராக்கவே இதைப் பயன்படுத்தினார். 1989 இல் அமெரிக்கா மாறுகண்ணுக்கும், இமைகள் தாமாக இறுகும் நோய்க்கும் அனுமதி வழங்கியது. புருவங்களுக்கு இடையிலான சுருக்கத்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது 2002 இல்தான். நாட்பட்ட ஒற்றைத் தலைவலி, கழுத்துத் திருகல், பாரிசவாதத்துக்கும் தலைக்காயத்துக்கும் பின் இறுகும் கைகால்கள், முள்ளந்தண்டுக் காயத்தால் கட்டுப்பாடின்றிக் கசியும் சிறுநீர் ஆகியவற்றுக்கும் இன்று பயன்படுகிறது.

ஆனால் இது இழந்த பலத்தைத் திருப்பித் தராது. மூட்டு நிரந்தரமாக இறுகிவிட்டால் பயனில்லை. ஊசியோடு இயன் மருத்துவப் பயிற்சியும் அவசியம். பலன் குறையும்போது மீண்டும் போட வேண்டிவரும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், தசைப் பலவீன நோயுள்ளவர்கள் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். ஊசிக்குப் பின் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். முகத்துக்கென்றாலும் தகுதியான வைத்தியரிடமே போடுங்கள். அழகு நிலையங்களில் வேண்டாம்.

அம்மா இத்தனை வருடங்களாக அண்ணாவின் விரல்களைத் தினமும் நீவி விரித்து வந்ததால்தான் மூட்டுகள் இறுகிவிடவில்லை என்றார் வைத்தியர். ஊசி போட்டு ஆறு வாரங்கள் ஆகின்றன. இடது கையால் அண்ணாவுக்கு இன்னும் எதையும் தூக்க முடியாது. ஆனால் அதன் உள்ளங்கையை, வலது கையால் விரல்களை விரித்து, அவரே கழுவிக்கொள்கிறார்.