மூச்சில் தெரியும் இருதயம்

பேரையூரிலிருந்து சாப்டூர் வழியாக அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகின்ற அன்பர்களிலே, வேர்வைக்குச் சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்ட வாலிபர் ஒருவரின் நெஞ்சு நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெளிறிய தழும்பு ஓடக் கண்டால், அவர் குழந்தைப் பிராயத்திலே இருதய சஸ்திர சிகிச்சை செய்துகொண்டு பிழைத்தவர் என்று பெரும்பாலும் ஊகித்துக்கொள்ளலாம். ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு ஒன்பது பேருக்கு இருதயத்தில் ஏதேனும் பிறவிக்குறை இருக்கிறது. அத்தகைய ஏழைக் குழந்தைகளுக்காக 2008இல் தமிழக அரசு தொடங்கிய இருதய அறுவைத் திட்டத்தின் பயனால் உயிர் தரித்தவர்கள் இன்று பெரியவர்களாகிவிட்டார்கள். ஓட்டையை அடைத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்ற நிம்மதியிலே அவர்களுள் பலர் ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை என்பதுதான் என் மனத்தை உறுத்துகிற விஷயம்.

சீர்செய்த இருதயம் வருஷங்கள் செல்லச் செல்லத் தளர்வதுண்டு. அந்தத் தளர்ச்சி மூச்சுத் திணறலாகவும் கால் வீக்கமாகவும் வெளிப்படுமுன்னரே அதைக் கண்டறிய, ஊசியும் இரத்தமும் இல்லாத ஒரு வழி உண்டா என்று விஞ்ஞானிகள் தேடியபோது, அவர்கள் கவனம் நாம் வெளிவிடும் மூச்சின்மேல் சென்றது. மூச்சிலே ஏறக்குறைய 250 வகைப் பொருள்கள் ஆவியாகக் கலந்திருப்பதை 1971இலேயே லைனஸ் பாலிங் காட்டியிருந்தார். அவற்றுள் ஒன்று அசிட்டோன்; நகப்பூச்சை அழிக்கும் திரவத்தைத் திறந்தவுடன் மூக்கில் ஏறுகிறதே, அந்த வாசனைதான்.

இருதயம் சோர்ந்தால் சரீரம் அதை ஓர் ஆபத்தாகவே கொண்டு, நரம்புகளையும் சுரப்பிகளையும் முடுக்கி, சேமித்துவைத்த கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது. கரைந்த கொழுப்பைக் கல்லீரல் கீட்டோன்களாக மாற்ற, அவற்றிலிருந்து பிரிகின்ற அசிட்டோன் இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து மூச்சோடு வெளியேறுகிறது. 1995இல் பின்லாந்து ஆராய்ச்சியாளரும், 2012இல் பிரேசில் நாட்டுச் சாவோ பாவ்லோ மருத்துவரும் இருதயத் தளர்ச்சியுற்றவர்களின் மூச்சில் இது மிகுவதைக் கண்டார்கள். பிறவிக்குறையுள்ள பெரியவர்களிடத்தில் இவ்வாராய்ச்சிக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. ஒற்றைக் கீழறையோடு பிறந்து ஃபோன்டான் சிகிச்சை பெற்றவர்களுக்கு, அசுத்த இரத்தம் இருதயம் தள்ளாமல் நேரே நுரையீரலுக்குச் செல்வதால், இரத்தம் பின்தேங்கிக் கல்லீரலும் வருந்துகிறது. அந்த வருத்தத்தின் சாயையும் மூச்சில் விழக்கூடும்.

பரிசோதனை எளியது. நோயாளி ஒரு பையில் ஊத வேண்டும். வாயிலும் மூச்சுக்குழலிலும் நின்ற முதற்காற்று பயன்படாது, நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் கடைசிக் காற்றே வேண்டும். ஆனால் அதை அளப்பது எளிதன்று. சுகமாயிருப்பவரின் மூச்சில் அசிட்டோன் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் இராது.

நம் ஊருக்கென்றே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அமாவாசை உபவாசம் இருந்து மலையேறி இறங்கியவர் அன்று மாலை அந்தப் பையில் ஊதினால், இருதயம் செம்மையாயிருந்தாலும் அசிட்டோன் ஏறித்தான் நிற்கும். பசியும் கொழுப்பைக் கரைப்பதுதானே. சர்க்கரை வியாதியும், சர்க்கரைக்கும் இருதயத்துக்கும் இன்று கொடுக்கப்படும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளும் அதே குழப்பத்தை விளைவிக்கும். ஆகவே மூச்சின் அளவை மட்டும் நம்பித் தீர்மானம் செய்ய இயலாது. இதனை இன்னும் ஆராய்ச்சியிலுள்ள துணைச் சாட்சியாகவே கொள்ள வேண்டும் என்பது என் துணிபு.

என்றேனும் மூச்சிலுள்ள அசிட்டோனை அளக்கும் கருவி மலிந்து தாலுகா ஆஸ்பத்திரி மேஜைமேல் வந்து அமருமானால், மதுரைக்குப் பஸ் ஏற ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய பேரையூர்வாசிக்கு அது பேருதவியாகும். அதுவரை எக்கோ பரிசோதனையே நமக்குள்ள வழி. சிறு வயதில் இருதய அறுவை செய்துகொண்ட மகனோ மகளோ உங்கள் வீட்டில் இருந்தால், பரணில் கிடக்கும் அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடியெடுத்துக்கொண்டு, இம்மாதமே மதுரை இராசாசி மருத்துவமனையின் இருதயப் பிரிவுக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.