நின்று கிடந்த பழைய கார் குலுங்கி ஓடினால்: பார்க்க வேண்டியதும் கேட்க வேண்டியதும்

மாதக்கணக்கில் நிறுத்திவைத்த பழைய கார், ஸ்டார்ட் ஆன பிறகும் சீராக ஓடாமல் குலுங்கினால் கோளாறு பெரும்பாலும் எஞ்சினின் வயிற்றுக்குள் இருப்பதில்லை. பெற்றோல் கெட்டிருக்கும், பிளக்கில் பொறி மங்கியிருக்கும், அல்லது காற்று புகக்கூடாத இடத்தில் புகுந்துகொண்டிருக்கும். இந்த மூன்றையும் பார்த்து முடிக்க ஒரு நாள் போதும். அதற்கு முன்பே "எஞ்சினை இறக்க வேண்டும்" என்று சொல்லப்படும்போதுதான் வண்டிக்காரரின் பணம் வீணாகிறது.

சப்ரகமுவவில் இப்படி நின்றுபோன வண்டிகள் அதிகம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022 எரிபொருள் நெருக்கடி வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 19 அன்று கேகாலை மாவட்டத்து ரம்புக்கனையில் எரிபொருள் கேட்டு நடந்த போராட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச்சூட்டுக்கு ஒருவர் பலியானார். ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்ற நிலை வந்தது; பிறகு கியூஆர் அட்டையும் வாராந்தப் பங்கீடும் வந்தன. மொரிஸ் மைனர், டட்சன் சன்னி, பழைய லான்சர், கொரோலா என்று தோட்டத்துக் கொட்டகைகளில் ஒதுங்கிய கார்கள் பல, அதற்குப் பிறகு ஒழுங்காக ஓடவே இல்லை. புது வண்டியின் விலை எட்டாத உயரத்தில் இருப்பதால் அவற்றைத் தட்டியெழுப்பும் முயற்சி இன்னமும் நடக்கிறது.

இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த ஈரத்தில் தகரக் கூரையின் கீழ் நிற்கும் வண்டிக்கு, வறண்ட ஊரில் நிற்கும் வண்டியைவிடச் சீக்கிரம் வயதாகும். பாதி காலியான பெற்றோல் தாங்கியின் உட்சுவரில் நீர்த்துளி படிந்து அடியில் சேர்கிறது, தகடு துருப்பிடிக்கிறது. எலி பிளக் வயரைக் கடிக்கிறது. குளவி சைலன்சர் குழாயிலோ காற்று வடிகட்டியின் மூக்கிலோ மண்கூடு கட்டுகிறது. கொழுந்து மலையில் குளவிக்குப் பயப்படத் தெரிந்தவர்களும் பொனட்டுக்குள் அதை எதிர்பார்ப்பதில்லை. பொனட்டைத் திறக்கும்போது முதலில் ஒரு தடியால் தட்டிப் பார்ப்பது நல்லது. பாம்பும் அங்கே குடியிருக்கும்.

சாவியைத் திருப்புமுன் ஒயில் கம்பியை இழுத்து முகர்ந்து பார்க்க வேண்டும். பெற்றோல் வாடை அடித்தால் எரிபொருள் பம்பின் டயபிரம் கிழிந்து பெற்றோல் ஒயிலில் கலந்திருக்கலாம். ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரண்டு நிலையிலும் ஸ்டார்ட் செய்யக்கூடாது. வண்டி நீண்ட காலம் நின்றிருந்தால் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு மூன்று சுற்று சுற்ற வேண்டும். இறுகிய ரிங்கும் வால்வும் உடையாமல் நகர்வதற்கு அது உதவும்.

பிறகு பெற்றோல். தாங்கியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் அரை மணி நேரம் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். பழைய பெற்றோலின் நிறம் கறுத்து, வாடை வார்னிஷ் போலாகிவிடும். அதில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடுகிறது. எஞ்சுவது காபரேட்டரின் கிண்ணத்தில், அடிச்சட்டியில் காய்ந்த கித்துள் பாணியாக ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலான காபரேட்டர்களில் ஐட்லிங்குக்குப் பெற்றோல் விடும் சிறு ஜெட்டின் துளை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு என்பதால் முதலில் அடைபடுவது அதுதான். சோக்கை இழுத்தால் ஓடி, விட்டால் நின்றுபோகும் வண்டியில் சந்தேகம் முதலில் இங்கே விழ வேண்டும். கறுப்புப் புகையும் பெற்றோல் வாடையும் வந்தால் கோளாறு எதிர்ப்பக்கம்: மிதவையின் ஊசி ஒட்டிக்கொண்டு பெற்றோல் வழிகிறது. காபரேட்டரைக் கழற்றிக் கழுவிக் காற்றடித்தால் போதும். ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகும், அப்புறம் அந்தக் காபரேட்டர் ஒருபோதும் சரிவராது. வடித்த பழைய பெற்றோலைக் கானில் கொட்டக்கூடாது. கீழ் லயத்துப் பீலித் தண்ணீருக்கு அது போய்ச்சேரும்.

புதிதாக அடித்த பெற்றோலும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதல்ல. 2022 ஓகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய்க்கு விற்றபோது பெற்றோல் 400 ரூபாயைத் தாண்டியிருந்தது. அந்த இடைவெளி கலப்படத்துக்கு எவ்வளவு ஆசை காட்டும் என்று விளக்கத் தேவையில்லை. அந்த நாட்களில் கலனில் வாங்கி ஒதுக்கிவைத்த பெற்றோல் எங்காவது மிஞ்சியிருந்தால் அதை வண்டிக்கு ஊற்றாதிருப்பதே நல்லது.

பெற்றோல் சரியாக இருந்தும் எஞ்சின் 'மிஸ்' ஆனால் பொறியைப் பார்க்க வேண்டும். பழைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ட்டின் இரு முகங்களும் ஈரத்தில் சாம்பல் பூத்துவிடும். கண்ணுக்குத் துப்புரவாகத் தெரிந்தாலும் மின்சாரம் தாண்டாது. மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, வெள்ளைத்தாளை இடையில் வைத்துத் துடைத்து, இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். மொரிஸ் மைனருக்கு அது ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர், ஜப்பானியக் கார்களுக்குச் சற்று அதிகம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை வெடிப்பு இருந்தால் பகலில் தெரியாது. இருட்டியபின் பொனட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால், ஈரமான மூடியின் மேலும் வயர்களின் மேலும் நீலப்பொறி ஊர்வது தெரியும். மழை நாளில் மட்டும் குலுங்கும் வண்டிக்கு இந்தச் சோதனைதான் முதலாவது.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க, பொயின்ட் உள்ள கார்களில் மெக்கானிக்குகள் ஐட்லிங்கில் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்கள். கழற்றியும் ஓட்டத்தில் மாற்றம் இல்லையென்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே சும்மா கிடக்கிறது. காப்பிட்ட குறடு இல்லாமல் இதில் கைவைக்கக்கூடாது. மின்னணு இக்னிஷன் உள்ள வண்டியில் இந்த முறையே கூடாது. காற்றுக் கசிவுக்கு, வெடித்த ரப்பர் குழாயையும் காபரேட்டர் அடியிலுள்ள கேஸ்கட்டையும் பார்த்தால் போதும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் எழும்பாவிட்டால்தான் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் அமுக்கச் சோதனைக்குப் போக வேண்டும். நான்கு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் எஞ்சினைப் பிரிக்கக் காரணமில்லை. ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால் அதில் கொஞ்சம் ஒயில் விட்டு மறுபடி அளப்பார்கள்: எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தாழ்ந்திருந்தால் ஹெட் கேஸ்கட். நின்றுபோன வண்டியில் ஒட்டிய ரிங் கொஞ்ச தூரம் ஓடியதும் தானே விடுபடுவதும் உண்டு. ஆகவே சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி அளக்கச் சொல்வதில் தவறில்லை. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் ஒழிந்தது. அந்தப் பெற்றோலுக்கென்று மென்மையான வால்வு இருக்கையோடு செய்த மிகப் பழைய எஞ்சின்களில், நிறுத்திவைக்கும் முன்பே தேய்மானம் தொடங்கியிருக்கும். அப்படிப்பட்ட எஞ்சினில் ஹெட் வேலை கேட்பது நியாயம்தான்.

களுகங்கை பெருகிய 2003, 2017 வெள்ளங்களில்போல நீரில் மூழ்கிய வண்டியின் கதை வேறு. அதை ஸ்டார்ட் செய்தே பார்க்கக்கூடாது. சிலிண்டருக்குள் நிற்கும் தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ரொட்தான் வளையும். பழைய வண்டி வாங்குவோர் ஆசனத்துக்கு அடியிலுள்ள தண்டவாளத்தையும், விளக்குக் கண்ணாடியின் உட்புறச் சேற்றுக் கோட்டையும் பார்த்தால் மூழ்கிய வண்டி அகப்படும்.

உயிருக்கு ஆபத்து எஞ்சினைச் சரிசெய்யும் வழியிலும் காத்திருக்கிறது. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டால் நிறமும் வாடையும் இல்லாத கார்பன் மொனொக்சைட் சேர்ந்து ஆளை மயக்கிக் கொல்லும். காபரேட்டர் வாயில் பெற்றோலை ஊற்றிக்கொண்டே ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தில் எஞ்சின் திருப்பி வெடித்து முகம் கருகும். எல்லாவற்றையும்விட மோசமானது பிரேக். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும், சக்கரச் சிலிண்டர் துருப்பிடித்து இறுகும். எஞ்சின் சரியாகிவிட்ட மகிழ்ச்சியில் தோட்டத்து இறக்கத்தில் வண்டியை விட்டபிறகு பெடல் அடிவரை போனால் செய்ய ஒன்றுமில்லை. பிரேக்கைப் பார்க்காமல் சோதனை ஓட்டம் கூடாது.

வண்டி நின்ற காலத்தில் பத்திரங்களும் காலாவதியாகியிருக்கும். வருமான அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது; அதற்கு நடைமுறையிலுள்ள காப்புறுதியும் புகைச் சான்றிதழும் வேண்டும். மூன்றாந்தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். சோதனை ஓட்டமும் ஓட்டம்தான். காப்புறுதி இல்லாமல் பிரதான வீதியில் யாரையாவது மோதினால் இழப்பீடு முழுவதும் உரிமையாளரின் தலையில் விழும். குலுங்கும் எஞ்சின் புகைச் சோதனையில் தேறாது என்பதால் டியூனிங்கை முடித்துக்கொண்டு சோதனைக்குப் போவதே சிக்கனம். வண்டியை நீண்ட நாள் நிறுத்தப்போகிறவர், பாவனையில் இல்லை என்று அனுமதிப்பத்திரம் முடியுமுன்பே எழுத்தில் அறிவிக்கும் வழியைப் பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

கராஜில் வண்டியை விடும்போது மதிப்பீட்டை எழுத்தில் வாங்க வேண்டும். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்க வேண்டும். எஞ்சினை இறக்கச் சொன்னால் "அமுக்கச் சோதனையில் வந்த எண் என்ன?" என்ற ஒரே கேள்வி போதும். எண்ணைக் காட்டாமல் காதால் கேட்டே தீர்ப்புச் சொல்லும் பாஸ் கைதேர்ந்தவராகவும் இருக்கலாம். ஆனாலும் பணம் கொடுப்பவருக்கு அந்த எண்ணைப் பார்க்கும் நியாயம் உண்டு.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், சேவை எதுவும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்றும், அதற்குப் பயன்படுத்தும் பொருள் அந்த வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வாய்ப்பேச்சில் உத்தரவாதம் இல்லாவிட்டாலும் இது பொருந்தும். பொருள் வாங்கியவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தாக வேண்டும். மட்டமான பாகம், சொல்லாமல் செய்த வேலை, கலப்படப் பெற்றோல் ஆகியவற்றைப் பற்றி 1977 என்ற இலக்கத்தில் சபைக்கு அறிவிக்கலாம். ஆனால் தொலைபேசியோடு நிறுத்தக்கூடாது: முறைப்பாடு எழுத்தில், பொருளோ சேவையோ பெற்ற மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். பற்றுச்சீட்டின் பிரதி, பழைய பாகத்தின் படம், பெற்றோல் மாதிரி இருந்தால் முறைப்பாட்டுக்கு வலு. பணத்தைத் திரும்பப் பெறும் சிறு தகராறுகளை இணக்க சபைக்கும் கொண்டுபோகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

தோட்டத்து மக்களில் பலர் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதித்தர ஆள் தேடிக் களைத்துக் கைவிடுவதுண்டு. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலருக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை உண்டு. இரத்தினபுரி, கேகாலை அலுவலகங்களுக்கும் அது பொருந்தும்.