நூற்றுக்கு எத்தனை பேர்?

எழுத்தறிந்தோர் நூற்றுக்கு இத்தனை பேர் என்று பத்திரிகைகளில் படிக்கிறோம். அந்த எண்ணுக்குள் அடங்குவோர் யார், விடுபட்டோர் யார் என்று ஆராய்ந்து பார்ப்பவர் சிலரே.

1951ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 18 பேர். பெண்களிலோ 9 பேர்தாம். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் அந்த 18 என்பது 73 ஆக உயர்ந்தது. முன்னது ஐந்து வயது முதலும், பின்னது ஏழு வயது முதலும் எண்ணப்பட்டவை. எனினும் முன்னேற்றம் பெரிது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த 73இல் பள்ளிச் சிறுவர்களும் அடங்குவர். அவர்களை நீக்கி, பதினைந்து வயது நிரம்பியோரை மட்டும் எண்ணினால் 2011இல் 69 தான் தேறும், பெண்களில் 59. அதாவது, வயது வந்த பெண்கள் நூற்றுவருள் நாற்பத்தொருவர், வீட்டுக்கு வரும் கடிதத்தைப் பிறர் உதவியின்றிப் படிக்க இயலாத நிலையில் இருந்தனர். பள்ளிகள் பெருகுவதால் மட்டும் இக்குறை விரைவில் தீராது. பள்ளிப் பருவத்தைக் கடந்துவிட்டவர்கள் அல்லவா இவர்கள்?

சராசரி என்பது மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாக நிரவிக் காட்டும். அதே 2011இல் கேரளத்தில் நூற்றுக்கு 94 பேர் எழுத்தறிந்திருந்தனர்; பீகாரில் 62 பேர். ராஜஸ்தானத்தில் ஆண்கள் 79, பெண்கள் 52. நாடு முழுவதிலும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருள் 66 பேர், பழங்குடியினருள் 59 பேர். பழங்குடிப் பெண்களில் பாதிப் பேர்கூட இல்லை. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், இத்தனை வேறுபாடு!

இனி, எழுத்தறிந்தவர் என்போர் யார்? ஏதேனும் ஒரு மொழியில் பொருள் உணர்ந்து படிக்கவும் எழுதவும் வல்லவர் என்பதே கணக்கெடுப்போர் கொண்ட இலக்கணம். பள்ளியில் பயின்றிருக்க வேண்டும் என்பதில்லை. (கல்வி, எழுத்தறிவு என்னும் இரு சொற்களையும் மொழிபெயர்ப்பில் மாற்றி மாற்றி வழங்குவதால் இங்கே குழப்பம் நேர்கிறது.) கையெழுத்திட மட்டும் கற்றவர் இதில் சேரார். இராமாயணத்தைத் தங்குதடையின்றி வாசித்து, எழுதத் தெரியாமையால் கைநாட்டு வைத்த மூதாட்டியர் நம் குடும்பங்களில் இருந்ததுண்டு, அவர்களும் சேரார்.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு, 'ஏதேனும் ஒரு மொழி' என்ற சொற்கள் முக்கியமானவை. தில்லியிலோ பம்பாயிலோ பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க இயலாத தமிழ்த் தாயார், தமிழில் எழுதப் படிக்க வல்லவரானால், எழுத்தறிந்தவரே. கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் வீட்டில் உள்ளோர் சொல்வதையே பதிந்துகொள்கிறார். இந்தி தெரியாது என்பதை மனத்தில் வைத்து, 'அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது' என்று நாம் சொல்லிவிட்டால், ஏட்டிலும் அப்படியே ஏறிவிடும். கணக்கெடுப்பாளர் வீட்டு வாயிலுக்கு வரும்போது அம்மாவையே அழைத்துப் பதில் சொல்லச் செய்வது நலம்.