கைரேகையும் மூன்று நாள் கெடுவும்

'வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்காதே' என்பது நம் கிராமங்களில் பெரியவர்கள் சொல்லிவந்த எச்சரிக்கை. கடன் கொடுப்பவர் அந்தத் தாளில் பின்னர் எந்தத் தொகையை எழுதிக்கொள்வார் என்பது கைநாட்டு வைத்தவருக்குத் தெரியாது. அன்று ஒருவரை அப்படி ஏமாற்ற ஒரு தாளும், மைப்பெட்டியும், எதிரே அவரும் தேவைப்பட்டனர். இன்று அவருடைய கைரேகையின் நகல் ஒன்று இருந்தால், அவர் உறங்கிக்கொண்டிருக்கும்போதே அவரது வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட முடிகிறது.

ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனையில் ஏடிஎம் அட்டை, ரகசிய எண், ஓடிபி எதுவும் தேவையில்லை. ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை ஆகிய மூன்றும் போதும். ஒரு பரிவர்த்தனையில் ரூ.10,000 வரை எடுக்கலாம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை போன்ற பகுதிகளுக்கு இது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. இன்று அங்குள்ள பழங்குடி குடும்பங்களுக்கு மகளிர் உரிமைத் தொகை, முதியோர் ஓய்வூதியம், ஊரக வேலைத் திட்ட ஊதியம் எல்லாம் வங்கிக் கணக்கிலேயே வரவாகின்றன. ஆயிரம் ரூபாய் எடுப்பதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலையிறங்க வேண்டாம். ஊருக்கு வரும் வங்கி முகவரின் கருவியில் விரலை வைத்தால் போதும். ஆனால், அதே விரல்தான் கணக்கின் ஒரே பூட்டாகவும் இருக்கிறது. ஏடிஎம் அட்டையின் ரகசிய எண் வெளியே தெரிந்துவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது.

இது கற்பனையான அச்சம் அன்று. 2018-இல் தெலங்கானாவில், பத்திரப் பதிவுத் துறை இணையதளத்திலிருந்த ஆவணங்களில் காணப்பட்ட கைரேகைகளைக் கொண்டு ரப்பர் முத்திரை செய்யும் முறையில் போலி ரேகைகள் தயாரித்து, பிறர் பெயரில் சிம் கார்டுகளை இயக்கிய ஒருவரைக் காவல் துறை பிடித்தது. 2023-இல் கர்நாடகத்தில் சொத்துப் பதிவு செய்துகொண்ட பலரின் கணக்குகளிலிருந்து இதே வழியில் பணம் எடுக்கப்பட்டது. கைரேகை உயிருள்ள விரலிலிருந்துதான் வருகிறதா என்று சோதிக்கும் தொழில்நுட்பத்தை ஆதார் ஆணையம் அந்த ஆண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பாதுகாப்பு கூடியிருக்கிறது, ஆனால், மோசடிக்கு எப்போதும் போலி ரேகை தேவைப்படுவதில்லை. 'ரேகை பதியவில்லை, மறுபடியும் வையுங்கள்' என்று சொல்லி இரண்டாவது முறை பணத்தை எடுத்துக்கொள்ளும் முகவருக்கு உண்மையான விரலே கிடைத்துவிடுகிறது. ஏடிஎம் மையத்தில் முதியவருக்கு உதவுவதுபோல ரகசிய எண்ணைப் பார்த்துக்கொண்டு, அட்டையை மாற்றிக் கொடுத்துவிடுபவரின் தந்திரமும் இத்தகையதே.

இப்படிப் பணம் போய்விட்டால், அது போனதுதான் என்று பலரும் நினைத்துவிடுகின்றனர். இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவு வேறுவிதமாகச் சொல்கிறது. வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் மூன்றாம் நபரால் பணம் எடுக்கப்பட்டிருந்து, வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாள்களுக்குள் புகார் செய்தால், வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய்கூட இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் என்றால், ஒரு வரம்பு வரையிலான இழப்பு மட்டுமே அவரைச் சேரும். குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைக் கணக்குகளுக்கு அதன் உச்சவரம்பு ரூ.5,000. ஏழு நாள்களையும் கடந்துவிட்டால், அந்தந்த வங்கியின் கொள்கைதான் முடிவு செய்யும். தவறு வங்கியுடையது என்றால் இந்தக் கெடுவே கிடையாது.

புகார் செய்த பத்து வேலை நாள்களுக்குள் அந்தத் தொகையை வங்கி கணக்கில் வரவு வைக்க வேண்டும்; 90 நாள்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று வங்கி கருதினால், அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் வங்கியுடையதே. கூட்டுறவு வங்கிகளுக்கும் அதே ஆண்டு டிசம்பரில் இதேபோன்ற உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. ஆனால், ரகசிய எண்ணையோ ஓடிபி-யையோ நாமே பிறரிடம் சொல்லிவிட்டால், புகார் செய்யும் வரையிலான இழப்பு நம்முடையதாகிவிடும். அதற்குப் பிறகு போகும் பணத்துக்கு மட்டுமே வங்கி பொறுப்பேற்கும். எப்படிப் பார்த்தாலும், எவ்வளவு விரைவில் சொல்கிறோம் என்பதே முதன்மையானது.

மலைவாழ் மக்களின் இடர்ப்பாடு இங்குதான் தொடங்குகிறது. பணம் போன செய்தி கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. கணக்குத் தொடங்கியபோது கொடுத்த எண் இன்று அவரிடம் இருக்கிறதா? முன்கட்டண எண்ணை 90 நாள்கள் பயன்படுத்தாவிட்டால் அது துண்டிக்கப்படலாம். பின்னர் வேறொருவருக்கு வழங்கப்படும். கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் வேலைக்குச் சென்று திரும்புபவர்கள் சிம் கார்டை மாற்றிக்கொள்வது இயல்பு. அலைபேசிச் சமிக்ஞை எட்டாத குக்கிராமங்களும் உண்டு. குறுஞ்செய்தி யாரோ ஒருவருக்குப் போய்ச் சேர, அடுத்த மாதம் பணம் எடுக்கச் செல்லும்போதுதான் கணக்கு காலியானது தெரியவருகிறது. தகவல் வந்த நாளிலிருந்து எண்ணப்படும் கெடு, தகவலே எட்டாதவருக்கு எப்படிப் பயன்படும்?

ஆகவே, தற்காப்பின் முதல் படி நம்முடைய இப்போதைய கைப்பேசி எண்ணை வங்கியிலும் ஆதாரிலும் பதிவு செய்வதுதான். அடுத்து, ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். பூட்டிவிட்டால் நியாயவிலைக் கடையிலும் ரேகை ஏற்கப்படாதே என்ற தயக்கம் நியாயமானதே. குடும்ப அட்டையில் உள்ள எவர் ரேகை வைத்தாலும் பொருள் கிடைக்கும் என்பதால், ஒருவரை அதற்கென வைத்துக்கொண்டு மற்றவர்கள் பூட்டிக்கொள்ளலாம். முகவரிடம் பணம் எடுக்கும்போது ரசீது கேட்டு வாங்க வேண்டும். 'பதியவில்லை' என்று அவர் சொன்னால், இருப்பைச் சரிபார்த்த பின்னரே மறுபடியும் விரலை வைக்க வேண்டும்.

ஏடிஎம் அட்டையில் இணையவழி, வெளிநாட்டு, தொடாமல் செலுத்தும் வசதிகளைத் தேவையில்லாதபோது நாமே முடக்கிவைக்க 2020 அக்டோபர் முதல் வழி உள்ளது. ஆதார் நகல் கேட்போருக்குக் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுக்கலாம். மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் நம் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் உள்ளன என்று பார்க்கலாம். 'உங்கள் கணக்கைக் கொடுங்கள், கமிஷன் தருகிறோம்' என்ற அழைப்புக்கு மாணவர்களும் கூலித் தொழிலாளர்களும் இணங்கவே கூடாது. மோசடிப் பணம் அந்தக் கணக்கின் வழியாகச் சென்றால், காவல் துறை முதலில் தேடி வருவது கணக்குக்கு உரியவரைத்தான். கூலித் தொழிலாளர்கள் பெயரில் அவர்களுக்கே தெரியாமல் ஜிஎஸ்டி பதிவு பெறப்பட்டு, கோடிக்கணக்கில் வரி பாக்கி கேட்டு நோட்டீஸ் வந்த செய்திகளைத் தமிழகம் கண்டிருக்கிறது. அடையாள ஆவணத்தின் நகல் எதற்காகக் கேட்கப்படுகிறது என்று கேட்பதில் கூச்சம் கூடாது.

பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். வேறு கணக்குக்கு மாற்றப்பட்ட பணத்தை நடுவழியில் முடக்க அது உதவும். கைரேகை மோசடியில் பணம் ரொக்கமாகவே வெளியேறிவிடும் என்பதால், அந்த அழைப்போடு நின்றுவிடாமல் வங்கியிலும் புகார் பதிந்து, அதன் எண்ணையோ ஒப்புகையையோ பெற வேண்டும். மூன்று நாளுக்குள் சொன்னோம் என்பதற்கு அதுவே சான்று. 30 நாள்களில் வங்கி தீர்வு தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் அறிய 14448 என்ற எண் உள்ளது.

முகவர்களைப் பணியமர்த்தும்போதும் அதன் பின்னரும் வங்கிகள் செய்ய வேண்டிய சரிபார்ப்புகளை ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வகுத்து, 2026 ஜனவரி 1 முதல் அமல்படுத்தியிருக்கிறது. அதோடு, புகார் செய்யும் வழியும் மலையேற வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை நடக்கும் கிராம சபைக் கூட்டங்களில், கைப்பேசி எண் புதுப்பிப்புக்கும் புகார் பதிவுக்கும் வங்கி அலுவலர் ஒருவர் மேசை போட்டு அமரலாம். மகளிர் சுய உதவிக் குழுக்களில் ஊருக்கு ஒருவருக்கேனும் 1930-ஐ அழைக்கவும், வங்கிக்குப் புகார் எழுதவும் பயிற்சி தரலாம். குறுஞ்செய்தி உண்மையில் சென்றடையாத வாடிக்கையாளருக்கு, அவர் அறிந்த நாளிலிருந்தே கெடுவைக் கணக்கிடுவது குறித்து ரிசர்வ் வங்கி பரிசீலிக்க வேண்டும்.

வங்கி தன் வாயிலை வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் விரல்நுனி வழியாகக் கொண்டுசென்றுவிட்டது. அந்த வாயிலில் திருட்டு நடந்தால் முறையிடும் இடமும் அங்கேயே இருப்பதுதான் நியாயம்.